படுக்கையறையிலும் ஓடவிடக்கூடிய மீன் தொட்டி ஃபில்டர்: தேர்வு முதல் பராமரிப்பு வரை

மீன் வளர்க்கும் பல வீடுகளில் இரவு படுக்கப் போகும்போது ஃபில்டரின் சுவிட்சை அணைத்துவிடுகிறார்கள். கொர்ரென்ற சத்தத்தில் தூக்கம் வருவதில்லை, காலையில் எழுந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். ஆனால் தொட்டிக்கு ஃபில்டர் அதிகம் தேவைப்படும் நேரமே இரவுதான். விளக்கு அணைந்ததும் செடிகள் ஆக்சிஜன் தருவதை நிறுத்திவிடும், சுவாசிப்பதை நிறுத்தாது. விடியற்காலையில் தொட்டி நீரில் ஆக்சிஜன் அடிமட்டத்துக்கு வந்துவிடும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

நம் ஊர் வெயிலில் இது இன்னும் மோசம். 20 டிகிரி நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் அது 7.5 மில்லிகிராம்தான். சென்னையிலோ மதுரையிலோ சித்திரை மாதத்தில் தொட்டி நீர் 30 டிகிரியைத் தொடுவது சாதாரணம். ஆகவே சத்தம் குறைந்த ஃபில்டரைச் சொகுசு என்று நான் நினைப்பதில்லை. 24 மணி நேரமும் ஓடவிட மனம் வர வேண்டும் என்றால் அது அமைதியாக ஓட வேண்டும்.

வீடுகளில் அதிகம் இருப்பது 2 அடித் தொட்டி என்பதால் அதையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். பெரிய தொட்டி வைத்திருப்பவர்கள் அதே கணக்கைப் பெருக்கிக்கொள்ளலாம்.

முதல் படி: தொட்டியையும் மீனையும் கணக்குப் போடுங்கள்

கடைக்குப் போய் "2 அடி டேங்குக்கு ஒரு ஃபில்டர் கொடுங்க" என்று கேட்டால் கையில் கிடைப்பதை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அதற்கு முன் தொட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, 1000-ஆல் வகுத்துப் பாருங்கள். 60 × 30 × 36 அளவுள்ள தொட்டி என்றால் 64.8 லிட்டர். மேலே விடும் இடைவெளி, அடியில் போடும் கல், மரக்கட்டை எல்லாம் போக உண்மையில் நிற்கும் தண்ணீர் 55 லிட்டர் சுமாருக்கு வரும். அந்த 55-தான் நமக்கு வேண்டிய எண்.

அடுத்தது மீன். ஒரே 55 லிட்டரில் பத்து நியான் டெட்ராவும் இருக்கலாம், மூன்று கோல்ட்ஃபிஷ்ஷும் இருக்கலாம். ஆனால் அவை ஃபில்டருக்குத் தரும் வேலை ஒன்றல்ல. கோல்ட்ஃபிஷ் நிறையத் தின்று நிறையக் கழிக்கும், கல்லைக் கிளறிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட தொட்டிக்கு மீடியா, அதாவது உள்ளே அடுக்கும் ஸ்பாஞ்ச், செராமிக் வளையம் போன்றவை, நிறையக் கொள்ளும் ஃபில்டர் வேண்டும் (கோல்ட்ஃபிஷ்ஷுக்கு 2 அடித் தொட்டியே போதாது, அது தனிக் கதை). ஃபைட்டர் மீனுக்கு நேர் எதிர்: நீண்ட துடுப்போடு ஓட்டத்தை எதிர்த்து நீந்த முடியாமல் களைத்துப்போகும். அதற்கு மெல்லிய ஓட்டம் போதும். கப்பி, மோலி, டெட்ரா வகைகள் நடுவில் வரும். குஞ்சுகளோ இறாலோ இருந்தால் உறிஞ்சும் குழாயின் வாயில் கட்டாயம் ஸ்பாஞ்ச் மூடி இருக்க வேண்டும்.

வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு, தொட்டி நீரை மணிக்கு நான்கு முதல் ஆறு தடவை சுற்றவிடுவது. நம் 55 லிட்டருக்கு 220 முதல் 330 லிட்டர். இதைத் தோராயமாக எடுத்துக்கொண்டால் போதும். ஃபைட்டருக்கு இரண்டு மூன்று தடவை சுற்றினாலே தாராளம்.

இரண்டாம் படி: ஃபில்டர் செய்யும் வேலையைப் புரிந்துகொள்ளுங்கள்

தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தும் மீன் சாகலாம். மீனின் கழிவிலிருந்தும் செவுளிலிருந்தும் அம்மோனியா வந்துகொண்டே இருக்கிறது; மிச்சம் விழுந்த தீனி அழுகுவதிலிருந்தும் வருகிறது. ஃபில்டரில் குடியிருக்கும் ஒரு வகை நுண்ணுயிரிகள் அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் விஷம். நைட்ரேட்டின் கடுமை குறைவு, வாரம் ஒருமுறை கொஞ்சம் நீர் மாற்றினால் கட்டுக்குள் நிற்கும்.

போர்வெல் தண்ணீர் ஊற்றும் வீடுகள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அம்மோனியா எவ்வளவு விஷம் என்பது நீரின் காரத்தன்மையையும் (அதைக் காட்டும் எண்தான் பி.எச்.) வெப்பத்தையும் பொறுத்தது. பி.எச். 7, வெப்பம் 25 டிகிரி என்றால் மொத்த அம்மோனியாவில் அரை சதவீதத்துக்குச் சற்று மேல்தான் நஞ்சு வடிவில் இருக்கும். பி.எச். 8, வெப்பம் 30 டிகிரி என்றால் அது ஏழு சதவீதத்தைத் தாண்டிவிடும். அதாவது பத்து மடங்குக்கு மேல். நம் ஊரில் பல போர்வெல்களின் நீர் இந்த இரண்டாம் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது.

இந்த நுண்ணுயிரிகளுக்கு வேண்டியவை ஒட்டிக்கொள்ள நிறைய இடம், சுவாசிக்க ஆக்சிஜன், நிற்காமல் வரும் நீர். வேகம் அவற்றுக்கு முக்கியமில்லை. சின்ன டப்பாவுக்குள் அசுர வேகத்தில் நீரைத் தள்ளும் மோட்டாரைவிட, பெரிய டப்பாவுக்குள் நிதானமாக நீரைச் செலுத்தும் மோட்டார் நல்ல வேலை செய்யும். சத்தமும் குறைவாக இருக்கும். இந்த வழிகாட்டி முழுக்க நான் சொல்லப்போவது இதைத்தான்: மீடியாவுக்கு இடம் பெரிதாக, மோட்டார் சிறிதாக. அமைதிக்கும் சுத்தத்துக்கும் வழி ஒன்றே.

மூன்றாம் படி: சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பாருங்கள்

ஃபில்டர் சத்தம் என்று நாம் பொதுவாகச் சொல்வது நான்கு விதம். எது நம் தொல்லை என்று தெரியாமல் புது ஃபில்டர் வாங்கினால் காசுதான் வீண்.

ஏர் பம்பின் ரீங்காரம் முதலாவது. உள்ளே ஒரு மின்காந்தச் சுருள், அதன் எதிரே காந்தம் வைத்த ஒரு கை, கையின் முனையில் ரப்பர் டயஃப்ரம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்தக் கை நொடிக்கு 50 தடவை ஆடுகிறது. அந்த அதிர்வு மேஜைக்கோ ஷெல்ஃபுக்கோ இறங்கிவிட்டால் மரப்பலகை முழுதும் ஒலிபெருக்கி ஆகிவிடும். பம்பைக் கையில் தூக்கிப் பாருங்கள். சத்தம் சட்டென்று பாதியாகக் குறைந்தால் பழி பம்பின் மேல் இல்லை, அதை வைத்த இடத்தின் மேல்தான்.

இரண்டாவது இம்பெல்லர். உள்ளே மூழ்கும் மோட்டார், ஹேங் ஆன் பேக், கேனிஸ்டர் (இந்த வகைகளை அடுத்த படியில் விளக்குகிறேன்) மூன்றிலும் காந்தம் பொருத்திய ஒரு சிறு விசிறி சுற்றுகிறது. சாதாரண ஏசி மோட்டாரில் அது நிமிடத்துக்கு 3000 சுற்று. நடுவில் இருக்கும் மெல்லிய தண்டு தேய்ந்தாலோ, சுண்ணாம்பு படிந்தாலோ, ஒரு மணல் துகள் புகுந்தாலோ கடகடவென்று அடிக்கும். போர்வெல் நீரில் சில மாதங்களிலேயே வெள்ளையாகப் படிந்துவிடுவதை இம்பெல்லரைக் கழற்றினால் பார்க்கலாம்.

மூன்றாவது, உள்ளே மாட்டிய காற்று. சரசரவென்று மணல் அரைபடுவது போன்ற சத்தம் விட்டு விட்டு வந்தால் இதுதான் காரணம். புதுக் கேனிஸ்டரில் முதல் ஓரிரு நாள் இது இருக்கும், தானாகவே வெளியேறும்.

நான்காவது, தண்ணீர் விழும் சத்தமும் குமிழி உடையும் சத்தமும். பலருக்கு இது இனிமையாகவே இருக்கும். ஆனால் பாதி ராத்திரியில் சொட்டுச் சொட்டென்று கேட்கும்போது பொறுக்க முடியாமல் போகலாம். இது நீர்மட்டத்தையும் குமிழியின் அளவையும் பொறுத்தது, மோட்டாருக்கும் இதற்கும் தொடர்பில்லை.

நான்காம் படி: வகையைத் தேர்ந்தெடுங்கள்

ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர்தான் விலையில் மிகக் குறைந்தது, பழுதாக நீருக்குள் எந்தப் பாகமும் இல்லாதது. காற்றுக் குமிழி மேலே ஏறும்போது நீரையும் இழுத்துக்கொண்டு போகிறது; அந்த நீர் ஸ்பாஞ்ச் வழியாக வந்தாக வேண்டும். அவ்வளவுதான் அதன் தத்துவம். குஞ்சு, இறால், ஃபைட்டர் எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு. ஆக்சிஜனும் கூடவே கிடைக்கிறது. குறை இரண்டு: தொட்டிக்குள் இடத்தை அடைக்கும், மிதக்கும் நுண்ணிய தூசியை அவ்வளவாகப் பிடிக்காது. இதன் சத்தம் முழுவதும் பம்பிலிருந்தும் குமிழியிலிருந்தும் வருவதால் இரண்டையும் அடக்க வழி உண்டு, கீழே சொல்கிறேன். 55 லிட்டர் தொட்டியில் சிறு மீன்கள் என்றால், பட்ஜெட் குறைவு என்றால், யோசிக்காமல் இதை வாங்கலாம்.

உள்ளே மூழ்கும் பவர் ஃபில்டர் கடைகளில் அதிகம் விற்கும் சரக்கு. மோட்டார் நீருக்குள்ளேயே இருப்பதால் அதன் சத்தத்தை நீரே ஓரளவு விழுங்கிவிடும். கண்ணாடியில் ரப்பர் உறிஞ்சிகளால் ஒட்டிக்கொள்ளும். ஆறு மாதத்தில் அந்த ரப்பர் விறைத்துப்போய், மோட்டார் கண்ணாடியை நேரடியாகத் தொடும்போது தொட்டியே ரீங்கரிக்கும். மீடியாவுக்கான இடம் கைப்பிடி அளவுதான் என்பது பெரிய குறை. மோட்டாரின் வெப்பம் முழுவதும் நீருக்குள்ளேயே இறங்கும் என்பதையும் கோடையில் நினைவில் வையுங்கள். வாங்குவதானால் ஓட்டம் அதிகமுள்ளதைத் தேடாமல், ஸ்பாஞ்ச் பெரிதாக இருப்பதைத் தேடுங்கள்.

ஹேங் ஆன் பேக் என்பது தொட்டியின் பின்விளிம்பில் தொங்கும் டப்பா. சுத்தம் செய்வது மிகச் சுலபம்: மூடியைத் திறந்து ஸ்பாஞ்சை எடுத்தால் போதும். 2 அடித் தொட்டிக்கு எனக்குப் பிடித்த வகை இதுதான். கவனிக்க வேண்டியவை மூன்று. சுவருக்கும் தொட்டிக்கும் நடுவில் 10 சென்டிமீட்டராவது இடம் வேண்டும். தொட்டியின் மேல்மூடி பின்பக்கம் வெட்டப்பட்டிருக்க வேண்டும். நீர்மட்டம் எப்போதும் டப்பாவின் வாயை ஒட்டியே நிற்க வேண்டும். மூன்றாவதுதான் அமைதியைத் தீர்மானிக்கிறது. கோடையில் நீர் ஆவியாகி மூன்று சென்டிமீட்டர் இறங்கினால் வீட்டுக்குள் சிற்றருவி கொட்ட ஆரம்பித்துவிடும். ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் நின்றுவிடும்.

கேனிஸ்டர்தான் பொதுவாக மிகவும் அமைதியானது, திறமையும் மிக அதிகம். மூடிய டப்பா தொட்டிக்குக் கீழே கேபினட்டுக்குள் நிற்கும். இரண்டு குழாய்கள் மட்டும் மேலே போகும். எஹைம் நிறுவனத்தின் கிளாசிக் 250 என்ற பழைய மாடலைப் பாருங்கள்: 8 வாட், பம்பின் திறன் மணிக்கு 440 லிட்டர், மீடியாவுக்கு ஏறக்குறைய 3 லிட்டர் இடம். இன்று வரும் பல மாடல்களின் எண்களைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால் சாதாரணமாகத் தோன்றும். ஆனால் 250 லிட்டர் தொட்டி வரைக்கும் என்றுதான் அதை விற்கிறார்கள், அமைதிக்குப் பெயர் பெற்றதும் அதுதான். சிறிய மோட்டார், பெரிய வயிறு. சைனத் தயாரிப்புகளிலும் இந்த விகிதத்தைப் பார்த்து வாங்கினால் ஏமாற மாட்டீர்கள். குறைகள்: விலை, சுத்தம் செய்ய ஆகும் நேரம், நீண்ட மின்வெட்டில் வரும் ஆபத்து.

மேலே வைக்கும் ஓவர்ஹெட் ஃபில்டர் கூடத்துக்குச் சரி, படுக்கையறைக்கு வேண்டாம். உயரத்திலிருந்து நீர் விழுந்துகொண்டே இருக்கும். கல்லுக்கு அடியில் தட்டு வைக்கும் அண்டர்கிராவல் வகையில் அழுக்கு தட்டுக்குக் கீழே சேர்ந்துவிடுகிறது, சுத்தம் செய்ய எல்லாவற்றையும் கலைக்க வேண்டும். புதிதாகத் தொட்டி வைப்பவருக்கு நான் சொல்ல மாட்டேன். சம்ப், அதாவது தொட்டி நீரைக் கீழே தனித் தொட்டியில் வடிகட்டித் திருப்பி அனுப்பும் முறை, நான்கு அடிக்கு மேற்பட்ட தொட்டிகளுக்கான விஷயம்.

ஐந்தாம் படி: பெட்டியின் மேல் உள்ள எண்களை வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பெட்டியில் போட்டிருக்கும் மணிக்கு இத்தனை லிட்டர் என்பது, மீடியா எதுவும் இல்லாமல், நீரை மேலே ஏற்றாமல் அளந்த அளவு. ஸ்பாஞ்ச் வைத்து, குழாய் பொருத்தி, நீர் மேலே ஏறும்போது பாதியாகக் குறைவதும் உண்டு. அதனால் நமக்கு 250 லிட்டர் ஓட்டம் வேண்டுமென்றால் பெட்டியில் 400 முதல் 500 வரை போட்டிருப்பதை எடுக்கலாம். 1200 போட்டிருப்பதை எடுத்தால் மீன்கள் மூலையில் ஒதுங்கி நிற்கும்.

வீட்டில் உண்மையான ஓட்டத்தை அளப்பது எளிது. ஒரு லிட்டர் ஜாடியை வெளியேறும் குழாயில் பிடித்து, நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். 3600-ஐ அந்த நொடிகளால் வகுத்தால் விடை. 12 நொடி என்றால் மணிக்கு 300 லிட்டர். புதிதாகப் பொருத்திய அன்று ஒருமுறை அளந்து குறித்து வைத்தால், பின்னாளில் எப்போது சுத்தம் செய்ய வேண்டும் என்பதை அந்த எண்ணே சொல்லிவிடும்.

டெசிபல் போட்டிருந்தால் எத்தனை தூரத்தில் அளந்தது என்று பாருங்கள். தூரம் சொல்லாத டெசிபல் எண்ணுக்குப் பொருளில்லை. ஒரு ஒப்பீட்டுக்கு: உலக சுகாதார நிறுவனத்தின் 1999-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், படுக்கையறைக்குள் தொடர்ந்து கேட்கும் ஓசை 30 டெசிபலைத் தாண்டாமல் இருக்க வேண்டும் என்கிறது. தலையணைக்கும் தொட்டிக்கும் உள்ள தூரத்தை இரு மடங்காக்கினால் திறந்தவெளிக் கணக்கில் 6 டெசிபல் குறையும். சின்ன அறையில் சுவர்கள் எதிரொலிப்பதால் அந்த அளவு கிடைக்காது. ஆனாலும் தலைமாட்டை எதிர்ப்பக்கம் மாற்றுவது பணம் செலவில்லாத மருந்து.

வாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 8 வாட் ஃபில்டர் இரவு பகலாக ஓடினால் 30 நாளில் 5.76 யூனிட். 25 வாட் என்றால் 18 யூனிட். கரண்ட் பில்லைவிட முக்கியமான விஷயம், ஒரே வகை மோட்டார்களில் வாட் கூடும்போது அதிர்வும் கூடும்.

ஆறாம் படி: கடையில் ஓடவிட்டுக் கேளுங்கள்

சென்னையில் கொளத்தூர் மாதிரி வண்ணமீன் கடைகள் வரிசையாக இருக்கும் இடத்தில் வாங்குவதன் பெரிய நன்மை, ஓடவிட்டுப் பார்க்கலாம். தண்ணீரில் வைத்துத்தான் ஓட்டச் சொல்லுங்கள். உலர்ந்த நிலையில் ஓட்டினால் தண்டும் இம்பெல்லரும் கெடும், கேட்கும் சத்தமும் உண்மையானதில்லை. கடையில் நூறு பம்புகள் ஓடும் இரைச்சலில் காது உதவாது. கையை மோட்டாரின் மேல் வையுங்கள். ஒரே சீரான மெல்லிய அதிர்வு சரி. விட்டு விட்டு அடித்தால் வேறொன்றை எடுக்கச் சொல்லுங்கள். அணைத்து அணைத்து நான்கைந்து தடவை போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் தயங்காமல் கிளம்ப வேண்டும். இந்த வகை மோட்டார்கள் எந்தப் பக்கம் சுற்றக் கிளம்பும் என்பது நிச்சயமில்லாததால், கிளம்பும்போது ஒரு 'டக்' சத்தம் வருவது இயல்பு.

அப்புறம் உதிரிபாகம். இம்பெல்லர், தண்டு, கேனிஸ்டரானால் ஓ-ரிங் (மூடியை நீர் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்), ஏர் பம்பானால் டயஃப்ரம் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காது என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். ஃபில்டர் சத்தம் போட ஆரம்பிப்பது பெரும்பாலும் இந்தச் சின்னப் பாகங்கள் தேயும்போதுதான்.

ஏழாம் படி: மீடியாவை அடுக்குங்கள்

நீர் முதலில் கரடுமுரடான ஸ்பாஞ்சைத் தொட வேண்டும், பிறகு மெல்லிய ஸ்பாஞ்ச், கடைசியாக செராமிக் வளையங்கள். அழுக்கு வளையங்களுக்குப் போய்ச் சேராமல் இருக்கவே இந்த வரிசை. பெரும்பாலான கேனிஸ்டர்களில் நீர் கீழிருந்து மேலே ஏறுவதால் கரடுமுரடானது அடித்தட்டில் வரும். உங்கள் மாடலில் எந்தத் திசை என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் கூடவே தரும் கரியை எப்போதும் போட்டு வைக்கத் தேவையில்லை. மருந்து போட்டபின் அதை நீக்கவும், மரக்கட்டையால் வந்த பழுப்பு நிறத்தை எடுக்கவும் கரி நல்லது. சில வாரங்களில் அதன் சக்தி தீர்ந்துவிடும். மருந்து கொடுக்கும் நாட்களில் கரி உள்ளே இருந்தால் மருந்தையே உறிஞ்சிவிடும். அந்த இடத்தில் இன்னொரு ஸ்பாஞ்ச் வைத்தால் நுண்ணுயிரிகளுக்கு வீடு கூடும்.

மெல்லிய பஞ்சை இறுக்கி அடைக்காதீர்கள். ஓட்டம் குறைந்து நீர் பக்கவாட்டில் வழி தேடிக்கொள்ளும், சில டப்பாக்களில் காற்று மாட்டிச் சத்தமும் வரும்.

எட்டாம் படி: பொருத்தும்போதே சத்தத்தை அடக்குங்கள்

ஏர் பம்பை நீர்மட்டத்துக்கு மேலே ஒரு கொக்கியில் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள், சுவரில் படாமல். தொங்கவிட முடியாவிட்டால் தடித்த ஸ்பாஞ்ச் மேல் வையுங்கள். துணிபோட்டு மூடவோ டப்பாவுக்குள் அடைக்கவோ வேண்டாம். காற்று வராமல் சூடாகிவிடும். நீர்மட்டத்துக்குக் கீழேதான் வைக்க முடியும் என்றால் ட்யூபில் நான்-ரிட்டர்ன் வால்வு கட்டாயம். அது இல்லாவிட்டால் கரண்ட் போனதும் தொட்டி நீர் ட்யூப் வழியாக இறங்கி பம்புக்குள்ளும் தரையிலும் வந்துவிடும். வால்வு பத்து இருபது ரூபாய் பொருள், மேலே வைத்தாலும் ஒன்று மாட்டிவிடுங்கள்.

குமிழி பெரிதாக இருந்தால் சத்தம் பெரிதாக இருக்கும். ஸ்பாஞ்ச் ஃபில்டரின் நடுக்குழாய்க்குள் ஒரு சிறு ஏர் ஸ்டோன் செருகினால் குமிழி பொடியாகி, களக் களக்கென்ற சத்தம் மெல்லிய இரைச்சலாக மாறும். நீர் ஏறுவதும் கூடும். காற்று அதிகமாக வந்தால் ட்யூபை மடித்து அடைக்காதீர்கள், டயஃப்ரத்துக்குப் பாரம் ஏறும். இரண்டு வழி வால்வு போட்டு மிச்சக் காற்றை வெளியே விடுவது சரியான முறை.

கேனிஸ்டரைக் கேபினட்டின் பக்கப்பலகையைத் தொடாமல், ரப்பர் மேட்டின் மேல் நிறுத்துங்கள். குழாய்கள் பலகைத் துளையின் விளிம்பில் உரசினால் அங்கேயும் ஸ்பாஞ்ச் துண்டு செருகுங்கள். முதலில் டப்பாவை முழுக்க நீரால் நிரப்பிவிட்டுப் பிறகு சுவிட்ச் போடுங்கள். ஓடும்போது மெதுவாகச் சாய்த்து ஆட்டினால் மாட்டிய காற்று கொப்பளித்து வெளியேறும். ஏர் ஸ்டோன் குமிழி உறிஞ்சும் குழாய்க்கு அருகே இருந்தால் அந்தச் சரசரப்பு ஒருநாளும் நிற்காது. இரண்டையும் எதிரெதிர் மூலையில் வையுங்கள்.

நீர் திரும்பும் வாயைச் சத்தத்துக்குப் பயந்து ஆழத்தில் இறக்கிவிடுவதும் தவறு. மேற்பரப்பு அசையாவிட்டால் ஆக்சிஜன் உள்ளே போகாது. வாயை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வைத்து, மேல்நோக்கிச் சாய்த்து, மேற்பரப்பு சிற்றலையாக நெளியும்படி அமையுங்கள். சத்தமே வராது, ஆக்சிஜனும் கிடைக்கும்.

எல்லா ஒயரும் பிளக்குக்குப் போகும் முன் ஒரு வளைவாகக் கீழே தொங்கி மேலேற வேண்டும். ஒயரில் வழியும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும், சாக்கெட்டுக்குப் போகாது. வீட்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தால் நிம்மதி. தொட்டிக்குள் கை விடும்முன் பிளக்கைப் பிடுங்குங்கள்.

மின்வெட்டை மறக்க வேண்டாம்

பவர் கட் அரைமணி நேரம் என்றால் எந்த ஃபில்டருக்கும் ஒன்றும் ஆகாது. பல மணி நேரம் நின்றால் மூடிய கேனிஸ்டருக்குள் இருக்கும் நுண்ணுயிரிகள் மீதமுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டுச் சாக ஆரம்பிக்கும். கரண்ட் வந்ததும் அந்த நாற்றநீர் நேராகத் தொட்டிக்குள் போகும். அதனால் நீண்ட நேரம் நின்ற கேனிஸ்டரைத் திறந்து, உள்நீரைக் கொட்டி, மீடியாவைத் தொட்டி நீரில் அலசிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். வேலைக்குப் போய்விடும் வீடுகளுக்கு இது நடக்காது. அவர்கள் கேனிஸ்டரோடு ஒரு சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டரும் வைத்து, அதைப் பேட்டரியில் அல்லது பவர் பேங்கில் ஓடும் யுஎஸ்பி ஏர் பம்பில் இணைத்துக்கொள்ளலாம்.

ஹேங் ஆன் பேக் வாங்கும்போது, கரண்ட் போய் வந்தால் தானாகவே நீரை இழுத்துக்கொள்ளுமா என்று கடையிலேயே சோதியுங்கள். மோட்டார் நீருக்குள் மூழ்கியிருக்கும் மாடல்கள் கிளம்பிவிடும். மோட்டார் டப்பாவோடு வெளியே இருக்கும் சில மாடல்களில் நீர் வடிந்துவிட்டால் வெறுமனே சுற்றிக்கொண்டு கத்தும்.

இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களுக்கு: ஸ்கொயர் வேவ் வகை இன்வெர்ட்டரில் பம்புகள் வழக்கத்தைவிட அதிகமாக ரீங்கரிக்கும், சூடாகவும் செய்யும். கரண்ட் போன பிறகு மட்டும் ஃபில்டர் சத்தம் போடுகிறது என்றால் காரணம் இதுதான். சைன் வேவ் இன்வெர்ட்டரில் இந்த வேறுபாடு தெரியாது.

கடைசிப் படி: பழையதிலிருந்து புதியதுக்கு மாறுவதும், சுத்தம் செய்வதும்

புது ஃபில்டரைப் போட்ட அன்றே பழையதைக் கழற்றினால் நுண்ணுயிரிகளையும் சேர்த்துக் கழற்றிவிடுகிறோம். இரண்டையும் நான்கு முதல் ஆறு வாரம் சேர்ந்து ஓடவிடுங்கள். இடமில்லை என்றால் பழைய ஸ்பாஞ்சை வெட்டிப் புதியதுக்குள் வைத்துவிடுங்கள். முற்றிலும் புதுத் தொட்டி என்றால் அந்த நான்கு முதல் ஆறு வாரம் ஃபில்டர் பழுக்க ஆகும் காலம். அம்மோனியாவுக்கும் நைட்ரைட்டுக்கும் சொட்டு மருந்து மாதிரி வரும் டெஸ்ட் கிட் இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகே மீன் எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

ஸ்பாஞ்சைக் குழாய் நீரில் கழுவாதீர்கள். மெட்ரோ வாட்டரானாலும் நகராட்சி நீரானாலும் குளோரின் நுண்ணுயிரிகளைக் கொல்லும். நீர் மாற்றும் நாளில் எடுத்த தொட்டி நீரையே ஒரு வாளியில் வைத்து, அதில் நாலு பிழி பிழிந்தால் போதும். பளிச்சென்று வெள்ளையாக வேண்டியதில்லை. எல்லா மீடியாவையும் ஒரே நாளில் கழுவுவதும் வேண்டாம். இந்த முறை ஸ்பாஞ்ச், அடுத்த முறை வளையம் என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள்.

இம்பெல்லரை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றி, அதன் குழியைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். சுண்ணாம்பு படிந்திருந்தால் வினிகரில் அரை மணி ஊறவைத்து, நல்ல நீரில் அலசிவிட்டு மாட்டலாம். கேனிஸ்டரின் ஓ-ரிங்குக்கு சிலிகான் கிரீஸ் மெல்லியதாகத் தடவுங்கள். அது காய்ந்துபோனால் காற்று உள்ளே வரும், சத்தமும் கூடவே வரும், பிறகு நீர் கசியும். ஏர் பம்பின் அடியில் இருக்கும் சின்னப் பஞ்சுத் துண்டையும் தட்டித் தூசி எடுத்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்தபின்னும் கடகடப்பு நிற்கவில்லை என்றால் தண்டையும் இம்பெல்லரையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் தேய்ந்துபோன மற்றொன்று புதியதையும் சீக்கிரம் தேய்த்துவிடும்.